விண்ட்ஸ்கிரீனில் வைப்பர் கோடுகள்: தேய்த்தால் போகுமா, கண்ணாடியையே மாற்ற வேண்டுமா?

செங்காங் ஓட்டி:

வணக்கம் மக்களே. கார் கண்ணாடி விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். சிங்கப்பூரில் ஓடுகிற செகண்ட்ஹேண்ட் கார், சிஓஇ (காரை வைத்திருக்க வாங்க வேண்டிய அனுமதி) முடிய இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அதனால் பெரிய செலவு செய்யவும் மனசில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. ஓட்டுநர் பக்கம், வைப்பர் போகிற பாதையிலேயே வளைவாக மெல்லிய கோடுகள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நிழலில் நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனக்கு துவாஸில் இரவு ஷிஃப்ட். சாயங்காலம் ஏஒய்இ விரைவுச்சாலையில் மேற்கே போகும்போது சூரியன் நேரே முகத்தில் அடிக்கும், அப்போதுதான் கஷ்டம், அந்தப் பக்கம் முழுக்க வெளுத்துப் போய் முன்னால் போகிற லாரியின் பிரேக் விளக்குகூடச் சரியாகத் தெரிவதில்லை. மழை பெய்கிற இரவில் எதிரே வரும் வண்டி விளக்கிலிருந்து நீளநீளமாக வெளிச்சம் இழுக்கிறது.

ஒரு கடையில் கேட்டேன், கண்ணாடியையே மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு கடையில் பாலிஷ் போட்டால் அரை மணி நேரத்தில் போய்விடும் என்றார்கள். இணையத்தில் வெள்ளைத்தூளும் ஃபெல்ட் பேடும் சேர்த்து ஒரு செட்டாக விற்கிறார்கள், டிரில்லில் மாட்டி நாமே தேய்க்கலாமாம். யார் சொல்வதை நம்புவது? அடுத்த வருடம் வண்டிப் பரிசோதனை வேறு வருகிறது.

சும்மா வந்தவன்:

பற்பசை போட்டுத் தேய்த்துப் பாருங்கள் பாஸ். என் காரில் முன்விளக்கு மஞ்சளாகி மங்கிப் போயிருந்தது, பற்பசை போட்டுத் துணியால் தேய்த்தேன், சூப்பராக வந்தது. ரெண்டு வெள்ளி (டாலர்) வேலை.

உபி பட்டறைக்காரன்:

முன்விளக்கு பிளாஸ்டிக், தம்பி. பாலிகார்பனேட். அது பற்பசைக்கு மசியும். விண்ட்ஸ்கிரீன் கண்ணாடி, பெரும்பாலான பற்பசைகளில் இருக்கிற பொடி கண்ணாடியைச் சுரண்டுகிற அளவுக்குக் கடினம் கிடையாது. தேய்த்த பிறகு நன்றாக இருக்கிற மாதிரி தோன்றும், ஏனென்றால் மேலே இருந்த எண்ணெய்ப் பிசுக்கு போயிருக்கும், அவ்வளவுதான். ரெண்டு மழைக்கு அப்புறம் பழைய கதை.

செங்காங் தம்பிக்கு: தூள் வாங்குகிற யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அது கீறல்தானா என்று முதலில் உறுதியாகத் தெரிய வேண்டும். என்னிடம் 'கீறல்' என்று கொண்டு வருகிற வண்டிகளில் நிறைய வண்டிகளுக்குக் கண்ணாடியை ஒழுங்காகக் கழுவினாலே போதும். வைப்பர் கோடு போட்ட கீறலும், வைப்பர் இழுத்துவிட்ட எண்ணெய்ப் படலமும் வெளிச்சத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். ரெண்டிலும் கோடு எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்குக் குறுக்கேதான் வெளிச்சம் இழுக்கும். பிரித்துக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் கண்ணாடியை நன்றாகக் கழுவி, சுத்தமான ஈரத்துணியால் நேர் மேலும் கீழுமாக மட்டும் துடையுங்கள், வைப்பர் போகிற திசையில் துடைக்கவே கூடாது. இருட்டினதும் தெருவிளக்கைக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். வெளிச்சம் இழுக்கிற திசை மாறியிருந்தால் அது படலம், இன்னும் கழுவ வேண்டும். முன்பு இழுத்த திசையிலேயே இழுத்தால் அது கீறல்.

அப்புறம் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டவில்லை என்றால் மேலோட்டம். தட்டினால் ஆழம். கண்ணாடிக்கு உள்பக்கமும் ஓட்டிப் பாருங்கள், கீறல் உள்ளே இருந்து வெளிப்பக்கத்தைத் தேய்த்தவர்களும் இருக்கிறார்கள். பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள்.

செங்காங் ஓட்டி:

அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தேன். நம்பவே முடியவில்லை, பாதிக்கு மேல் திசை மாறிவிட்டது! இன்னொரு முறை சோப்பு போட்டுக் கழுவினதும் அந்தப் பாதி போயே போய்விட்டது. மிச்சம் இருப்பது உண்மையான கீறல்தான், எல்லாம் வெளிப்பக்கம். முக்கால்வாசி நகத்தில் தட்டவில்லை. ஒன்று மட்டும் தட்டுகிறது, அதுவும் ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே, விரல் நீளத்துக்கு. இதோடு பயணி பக்கம் மேலே வெள்ளையாகச் சொட்டுச் சொட்டாகப் புள்ளிகள், எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. அதுவும் கீறலா?

தெம்பனிஸ் அக்கா:

தம்பி, பலமாடி கார்ப்பார்க்கில் கீழ்த்தளத்தில் நிறுத்துகிறீர்களா? மேலே கான்கிரீட் வெடிப்பு வழியாக மழைத்தண்ணீர் ஊறிச் சொட்டும், சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு வரும். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி. சோப்பு அதைத் தொடவே தொடாது. புளிப்புக்குத்தான் கரையும். வெள்ளை வினிகரைத் துணியில் நனைத்து, கண்ணாடி குளிர்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து, புள்ளி மேல் கொஞ்ச நேரம் ஒட்டி வையுங்கள். பெயின்ட் மேல் வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். ரொம்ப நாள் ஊறிப்போன புள்ளி என்றால் கண்ணாடியையே அரித்திருக்கும், அதற்கு வினிகர் உதவாது. இனிமேல் தரையில் வெள்ளைக் கறை இருக்கிற லாட்டில் மட்டும் நிறுத்தாதீர்கள். எங்கள் புளோக்கில் அந்த லாட் எப்போதும் காலியாகவே கிடக்கும், புதிதாகக் குடிவந்தவர்கள் ஆசையாகப் போய் நிறுத்துவார்கள், பார்க்கப் பாவமாக இருக்கும்.

பழைய டயர்:

கீறல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலிஷ் போட்டால் அரை மணி நேரத்தில் போய்விடும் என்று சொன்ன கடைக்குத் தயவுசெய்து போகாதீர்கள். என் பழைய காரில் ஓட்டுநர் பக்கம் ஒரே ஒரு கீறல். பெயர் வேண்டாம், ஒரு கடையில் கொடுத்தேன், அந்தக் கோடு இருந்த இடத்தை மட்டும் போட்டு அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். கோடு போனது உண்மை. வண்டியை எடுத்துக்கொண்டு பிஐஇ விரைவுச்சாலையில் ஏறினால் தடக்கோடு அந்த இடத்துக்கு வரும்போது நெளிகிறது, தலையை அசைத்தால் அதுவும் அசைகிறது. வீட்டுக்குப் போவதற்குள் தலைவலி. கடையில் போய்க் கேட்டால், நீங்கள் கேட்டது கீறலை எடுக்கத்தானே, எடுத்துவிட்டோமே என்கிறார்கள். கடைசியில் கண்ணாடி மாற்றினேன். கீறலே தேவலாம் என்று ஆகிவிட்டது.

செங்காங் ஓட்டி:

அப்படியானால் பாலிஷே கூடாதா? அந்தத் தூளை எதற்குத்தான் விற்கிறார்கள்?

உபி பட்டறைக்காரன்:

டயர் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, ஆனால் தப்பு தூள் மேல் இல்லை. அந்தத் தூள் சீரியம் ஆக்சைடு. லென்ஸ், கண்ணாடி எல்லாம் பாலிஷ் போடக் காலங்காலமாகப் பயன்படுத்துகிற சரக்குதான். தண்ணீர் சேர்ந்தால் கண்ணாடியின் மேற்பரப்போடு வேதியியல் முறையிலும் வேலை செய்யும், வெறுமனே சுரண்டுவது மட்டும் கிடையாது, அதனால்தான் அவ்வளவு பளபளப்பு வருகிறது. ஆனால் ஒரு விஷயம் புரிய வேண்டும். பாலிஷ் எந்தக் கீறலையும் நிரப்பாது. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கிற கண்ணாடியைக் கரைத்து எடுக்கிறது. ஆழமான கீறலை எடுக்கப் போனால் அங்கே ஒரு சின்னக் குழி விழும், அந்தக் குழி லென்ஸ் வேலை செய்யும். அவருக்குக் கோடு நெளிந்தது அதனால்தான்.

ஆகவே என் கருத்து இது. நகம் தட்டுகிற அந்த ஒரு கீறலை, அதுவும் கண்ணுக்கு நேரே இருப்பதை, யாரும் தொடக்கூடாது. நீங்களும் தொடக்கூடாது, கடைக்காரனும் தொடக்கூடாது. உண்மையிலேயே தொந்தரவு என்றால் கண்ணாடி மாற்றுவது, இல்லையென்றால் அப்படியே விடுவது. அதை நிரப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். கல் தெறித்து உடைந்த சின்னப் புள்ளியில் ரெசின் (இறுகிக்கொள்ளும் பிசின்) ஏற்றுவது வேறு வேலை, உள்ளே வெற்றிடம் இருக்கிறது, ரெசின் அதற்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். திறந்து கிடக்கிற கீறலில் எதைப் பூசினாலும் நிற்காது, நகப்பூச்சு பூசினாலும் இதே கதிதான், வைப்பர் ஓடி ஓடி எடுத்துவிடும்.

நகம் தட்டாத மெல்லிய கோடுகளை, பொறுமை இருந்தால், குறைக்கலாம். 'குறைக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். தூளைத் தண்ணீரில் கெட்டி மோர் பதத்துக்குக் கலக்க வேண்டும். வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி நன்றாக ஆறின பிறகு ஆரம்பிக்க வேண்டும். பானெட், ரப்பர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கும் டேப்பும் போட்டு மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வெள்ளை இடுக்கெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். முகக்கவசம் போடுங்கள், தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை. டிரில்லை மெதுவான வேகத்தில், லேசான அழுத்தத்தில், அகலமாக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது. கலவை காய விடக்கூடாது. அடிக்கடி புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். விண்ட்ஸ்கிரீன் ஒற்றைக் கண்ணாடி கிடையாது, ரெண்டு கண்ணாடிக்கு நடுவில் பிவிபி என்கிற பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறது. ஓரிடம் மட்டும் சூடேறினால் கண்ணாடி வெடிக்கவும் செய்யும், நடுத்தாள் கொப்பளிக்கவும் செய்யும். சூடு தணிக்கிறேன் என்று குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கேட்கவே வேண்டாம்.

ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிற வண்டியா உங்களுடையது? அப்படியென்றால் கேமராவுக்கு முன்னால் இருக்கிற கண்ணாடிப் பகுதியில் பேட் படக்கூடாது. அதுதான் தடம் பார்க்கிறது, தானாக பிரேக் போடுகிறது.

செங்காங் ஓட்டி:

கேமரா இருக்கிறது அண்ணே. படிக்கும்போதே கை நடுங்குகிறது, டிரில் யோசனையை விட்டுவிடுகிறேன். மாற்றுவது என்றால் இன்ஷூரன்சில் வருமா? என்சிடி (கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி) அடிபடுமா?

தெம்பனிஸ் அக்கா:

இங்கே பெரும்பாலான காம்பிரிஹென்சிவ் பாலிசிகளில் விண்ட்ஸ்கிரீனுக்குத் தனிப்பிரிவு இருக்கும், நம் கையிலிருந்து கட்டுகிற தொகை வழக்கமாக நூறு வெள்ளி, பொதுவாக என்சிடி-யைத் தொடாது. ஆனால் அது உடைந்தது, விரிசல் விட்டது என்றால்தான் சுலபம். வைப்பர் கீறல் என்று போனால் தேய்மானம் என்று சொல்லி மறுக்க இடமிருக்கிறது. பாலிசியைப் படித்துவிட்டு, எந்த வேலையும் செய்வதற்கு முன்னால் ஃபோன் போட்டுக் கேளுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. எந்தப் பட்டறையில் செய்ய வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

பழைய டயர்:

கேமரா வண்டி என்றால் புதுக்கண்ணாடி போட்ட பிறகு கேமராவை மறுபடி கேலிபிரேட் செய்ய (சரியாகப் பார்க்கும்படி அளவு திருத்த) வேண்டும். விலை கேட்கும்போது அதுவும் சேர்த்தா, சன் ஃபிலிம் சேர்த்தா என்று கேளுங்கள். ஃபிலிம் போடும்போது முன்கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. மலிவு என்று அதைவிடக் கறுப்பாக எதையாவது ஒட்டிக்கொண்டு வந்து பரிசோதனையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உபி பட்டறைக்காரன்:

பரிசோதனைக்குப் பயப்பட வேண்டாம் தம்பி. அங்கே கவலைப்பட வேண்டியது விரிசல், உடைசல், ஓட்டுநர் பார்வையை மறைக்கிற சேதம். இந்த மெல்லிய கோட்டுக்காக இப்போதே கண்ணாடி மாற்ற ஓடாதீர்கள். ஆனால் ஒன்று, இந்தக் கோடு எப்படி வந்தது என்று இதுவரைக்கும் யாருமே கேட்கவில்லை. வைப்பரைத் தூக்கிப் பாருங்கள்.

செங்காங் ஓட்டி:

இப்போதுதான் கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஓட்டுநர் பக்க வைப்பரில் ரப்பர் ஒரு முனையில் கிழிந்து தொங்குகிறது, உள்ளே இருக்கிற உலோகப் பட்டை கண்ணாடியில் படுகிறது. ஆழமான கீறல் சரியாக அந்த முனை போகிற பாதையில்தான் இருக்கிறது!

உபி பட்டறைக்காரன்:

ஆளைப் பிடித்துவிட்டீர்கள். பழைய உரிமையாளர் காலத்திலிருந்தே ஓடுகிறதோ என்னவோ. நம் ஊர் வெயிலுக்கு வைப்பர் ரப்பர் ஒரு வருடம் தாங்கினாலே பெரிசு, திறந்தவெளியில் நிற்கிற வண்டி என்றால் அதற்கும் முன்னாலேயே இறுகிவிடும். ரெண்டையும் இன்றைக்கே மாற்றுங்கள். வைப்பர் பிளேடைக் கழற்றினதும் அதைத் தாங்குகிற உலோகக் கை பட்டென்று கண்ணாடியில் விழலாம், விண்ட்ஸ்கிரீனே உடையலாம், அதனால் கண்ணாடி மேல் தடித்த துண்டு ஒன்றை விரித்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். காய்ந்த கண்ணாடியில் தூசி இருக்கும்போது வைப்பர் போடாதீர்கள், முதலில் தண்ணீர் பீய்ச்சுங்கள். மணல் துகள் கண்ணாடியைவிடக் கடினம், மெல்லிய கோடெல்லாம் அது போட்டதுதான். கார் கழுவ ஆள் வைத்திருந்தால், சக்கரம் துடைக்கிற துணியும் கண்ணாடி துடைக்கிற துணியும் ஒன்றா என்று ஒரு நாள் நின்று பாருங்கள்.

சும்மா வந்தவன்:

இழையில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஓபியு (புதிய சாலைக்கட்டணக் கருவி) மாட்டினபோது பழைய கருவியான ஐயு-வைக் கழற்றினார்கள், அந்த இடத்தில் கண்ணாடிக்கு உள்பக்கம் பசை அப்படியே இருக்கிறது. பிளேடு வைத்துச் சுரண்டலாமா? (பற்பசை பற்றி இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன்.)

உபி பட்டறைக்காரன்:

சன் ஃபிலிம் இருந்தால் பிளேடு கூடவே கூடாது, ஃபிலிம் உள்பக்கம்தான் ஒட்டியிருக்கும், ஒரே இழுப்பில் கிழிந்துவிடும். ஃபிலிம் இல்லாவிட்டாலும் பிளேடு முனை கொஞ்சம் மழுங்கியிருந்தால் கோடு போட்டுவிடும். யூகலிப்டஸ் எண்ணெயைத் துணியில் நனைத்துப் பசை மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், ஊறினதும் பழைய கேஷ்கார்டு மாதிரி பிளாஸ்டிக் அட்டை ஒன்றை எடுத்து மெதுவாகத் தள்ளுங்கள், சுருண்டு சுருண்டு வரும். ஃபிலிம் இருந்தால் எண்ணெயை முதலில் ஓர் ஓரத்தில் கொஞ்சமாகத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த எண்ணெயே படலமாகி, கீறல் என்று சொல்லிக்கொண்டு என் பட்டறைக்கு வருவீர்கள்.