தண்ணீர் புகுந்த வீடு, வாடை போகவில்லை. அவசர உதவி

நனைந்தவீடு:
வணக்கம். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் துடைத்து எடுத்தாயிற்று, ஆனால் வாடை போக மாட்டேன் என்கிறது. சுவர் அடியில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடுமா? எந்தப் பெயிண்ட்? வெள்ளிக்கிழமை விருந்தினர் வருகிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள்.

மல்லிகா:
எந்தத் தண்ணீர்? மழையா, குழாயா, சாக்கடையா? எத்தனை நாள் ஆயிற்று? சுவிட்ச்போர்டு நனைந்ததா? நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயினை அணைத்தே வையுங்கள். சாக்கடை கலந்திருந்தால் மெத்தை, தலையணையைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், வெளியே போட்டுவிடுங்கள்.

சுத்தம்சோறு:
வெள்ளையாகப் பூத்தால் பூஞ்சைதான். பிளீச்சிங் பவுடர் கரைசலை அடியுங்கள். எங்கள் வீட்டில் 2 முறை அடித்தோம், அப்புறம் வரவே இல்லை.

குமரன்_சிவில்:
பிளீச் சுவரின் மேல்தோலோடு நின்றுவிடும். பூச்சுக்குள் ஈரம் இருக்கும் வரை பூஞ்சை திரும்ப வரும். அதைக் கழிவறை ஆசிடோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

சுத்தம்சோறு:
ஆசிட் கலக்க நான் எங்கே சொன்னேன்?

பழையகொத்து:
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? தேடிப் படித்துவிட்டு வந்திருக்கலாம். பார்க்காமலே பூஞ்சை என்று முடிவு கட்டுவதும் தவறு. வெள்ளைப் பூப்பின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் உப்பு, அப்படியே நின்றால் பூஞ்சையாக இருக்கலாம். உப்பு என்றால், சுவருக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வந்து ஆவியாகிறது என்று அர்த்தம். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் கொப்புளம் கிளம்பி உரியும்.

வேணி:
பழையகொத்து, பதட்டத்தில் எழுதுகிறவரிடம் இப்படியா பேசுவது? சொன்ன விஷயம் சரி. ஜன்னல்களை எல்லாம் திறந்து மின்விசிறியை ஓட விடுங்கள்.

குமரன்_சிவில்:
வெளிக்காற்று வீட்டுக்காற்றை விட ஈரமாக இருந்தால் ஜன்னலைத் திறப்பதால் பயனில்லை. மூடிவிட்டு ஈரநீக்கி வைப்பதுதான் வழி. பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தால் விசிறியும் வேண்டாம், வித்துகளை வீடெங்கும் பரப்பும்.

வேணி:
எல்லார் வீட்டிலும் ஈரநீக்கி இருக்கிறதா? வெயில் நேரத்தில் திறந்து, இரவில் மூடினால் போதும். நாங்கள் அப்படித்தான் காயவைத்தோம்.

குமரன்_சிவில்:
எத்தனை நாளில் காய்ந்தது? சுவர் தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஊறியபடிதான் இருக்கும்.

வேணி:
ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவசரப்படவில்லை, அவ்வளவுதான்.

நனைந்தவீடு:
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். சமையலறை சிங்க் அடியில் குழாய் இணைப்பு கழன்றுவிட்டது. நல்ல தண்ணீர்தான். 3 வாரம் ஆகிறது, இணைப்பை அன்றே மாற்றிவிட்டோம். சுவிட்ச்போர்டு மேலே இருக்கிறது, நனையவில்லை. சொட்டு விட்டேன், கரைந்துவிட்டது. வாடை சிங்க் அடி அலமாரியில்தான் அதிகம்.

மல்லிகா:
3 வாரமா! ஈரம் பிடித்தால் ஓரிரண்டு நாளிலேயே மரப்பலகையில் பூஞ்சை தொடங்கிவிடும். அலமாரியின் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். பிளைவுட்டா, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையா? தூள்பலகை ஒருமுறை ஊதிவிட்டால் பழைய நிலைக்கு வராது.

பழையகொத்து:
ஈரக்கறை ஏறுகிறதா, இறங்குகிறதா? அதைச் சொல்லாமல் எல்லோரும் வைத்தியம் சொல்கிறீர்கள். கறையின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, நாளைக்குப் பாருங்கள்.

நனைந்தவீடு:
பழைய கறை பெயிண்ட்டில் தெரிகிறது. அதை விட இப்போது 2 அங்குலம் மேலே இருக்கிறது.

பழையகொத்து:
அப்படியானால் பெயிண்ட்டை மறந்துவிடுங்கள். இன்னும் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அரை மணி நேரம் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். நகர்ந்தால் சுவருக்குள் போகும் குழாயில் கசிவு. நகராவிட்டால் சிங்க்கின் கழிவுக்குழாயைப் பாருங்கள், அது மீட்டரில் தெரியாது. கசிவை அடைத்த பிறகுதான் உலர்த்தும் பேச்சு.

வேணி:
இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாம். நல்ல யோசனை.

நனைந்தவீடு:
மீட்டர் நகர்கிறது. பிளம்பர் நாளை வருகிறார். பெயிண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நன்றி.

மல்லிகா:
பின்பலகை என்ன ஆயிற்று? கழற்றினீர்களா?