பல வருடம் அரைவயிறு, இப்போது கீட்டோ: எடை இறங்க மறுக்கிறது

தக்கலைப் பக்கம் இருக்கிறேன். பெண், வயது 42, உயரம் 158 செ.மீ. சித்திரையில் கீட்டோ (மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, கொழுப்பை அதிகம் சாப்பிடும் முறை) தொடங்கியபோது 86 கிலோ, இப்போது ஆவணியில் 83. இறங்கியதும் முதல் மாதம்தான், அதுவும் பெரும்பாலும் நீர் எடையாக இருக்கும். அப்புறம் முள் அசையவே இல்லை.

இதற்கு முன் பல வருடம் மிகக் குறைவாகச் சாப்பிட்டவள் நான். காலையில் கட்டன் சாயா (பால் விடாத டீ), மதியம் கொஞ்சம் கஞ்சி, ராத்திரி இரண்டு ரஸ்க். நாளைக்கு 800 கலோரி தேறினாலே அதிகம். அப்போதும் எடை குறையவில்லை, முடிதான் கொட்டியது. உடம்பு செலவைச் சுருக்கிக்கொண்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது மாவுச்சத்து 20 கிராமுக்குள், புரதம் 70 கிராம், மொத்தம் 1300 கலோரி. முட்டை, சாளை, நெத்திலி, கோழி, கீரை, தேங்காய் எண்ணெய். மரச்சீனிக் கிழங்கும் மட்டி வாழைப்பழமும் கண்ணெதிரே இருந்தும் தொடுவதில்லை (நம்ம ஊரில் அது சின்ன விஷயமா!).

தைராய்டு சரி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 5.6%. விட்டமின் டி குறைவு, மாத்திரை எடுக்கிறேன். பாலையும் நட்ஸையும் நிறுத்திப் பார்த்தாச்சு. 16 மணி நேர விரதத்தில் தலை சுற்றியது, விட்டுவிட்டேன். தினமும் நடக்கிறேன். இடுப்பளவு மட்டும் சற்று குறைந்திருக்கிறது. கை கால் அடிக்கடி சில்லிட்டுப் போகிறது. டாக்டர் இன்னும் குறைத்துச் சாப்பிடச் சொல்கிறார். இதற்கு மேல் எதைக் குறைக்க?

என்னைப் போல வருடக்கணக்கில் குறைவாகச் சாப்பிட்டுவிட்டு கீட்டோவுக்கு வந்தவர்களுக்கு, கலோரியைக் கூட்டிய பிறகு எடை இறங்கியதா?