அம்மாவோடு இத்தாலி: ரோமிலிருந்து பலெர்மோவுக்கு மலிவாகப் போக விமானமா, ரயிலா?

கோண்டாவில்காரி:
சித்தியின் மகன் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கிறான். சித்திரை விடுமுறைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக யோசிக்கிறேன். ரோமில் இறங்கி, நாப்போலி (நேப்பிள்ஸ்) பார்த்து, அங்கிருந்து பலெர்மோ. தம்பி வீட்டில் தங்கச் செலவில்லை, வழிச்செலவுதான் பயமுறுத்துகிறது. நான் வாங்குவது ஆசிரியச் சம்பளம். அம்மா சைவம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பலெர்மோ அண்ணை:
தங்கச்சி, விமானத்தை விடுங்கள். ரிக்கற் மலிவாகத்தான் தெரியும். ஆனால் அம்மா மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் கட்டாமல் வெளிக்கிடுவாவா? அந்தப் பெட்டிக்குத் தனியாக அறவிடுவார்கள். நாப்போலியிலிருந்து இன்ரசிட்டி இரவு ரயிலில் படுக்கை எடுங்கள், ஒரு இரவு அறைக் காசும் மிச்சம். மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளைப் பிரித்து அப்படியே கப்பலுக்குள் ஏற்றுவார்கள். கப்பலுக்குள்ளேயே தண்டவாளம் இருக்கிறது! அம்மா நித்திரை என்றாலும் எழுப்பி மேல்தட்டுக்குக் கூட்டிப் போங்கள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்கு அது அலுக்கவில்லை.

ரோமிலிருந்து நாப்போலிக்கு 'ரெஜொனாலே' ரயில் போதும். மெதுவாகப் போகும், ஆனால் அன்றைக்கு வாங்கினாலும் அதே விலைதான். கடுதாசி ரிக்கற் என்றால் ஏறுமுன் மேடையில் உள்ள மெசினில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் தண்டம்.

சாப்பாடு? பலெர்மோவில் பனெல்லே என்று கடலை மாவில் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். சுத்த சைவம், பசியும் அடங்கும். அரன்சீனா என்ற பொரித்த சோற்றுருண்டையை மட்டும் கேட்டு வாங்குங்கள், பலதுக்குள் இறைச்சி இருக்கும். கோப்பியை நின்றபடி குடியுங்கள். இருந்தால் பல இடங்களில் விலை கூடும். ஞாயிறு மொந்தே பெல்லக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா குகைக் கோயிலுக்குப் போங்கள். எங்கட ஆட்கள், சைவக்காரரும் வேதக்காரரும், நிறையப் பேர் வருவார்கள்.

சுன்னாகம் பொடியன்:
மாதத்தின் முதல் ஞாயிறு ரோமில் கொலோசியம், நாப்போலிக்குப் பக்கத்தில் எரிமலையில் புதைந்த பழைய நகரம் பொம்பெய் எல்லாம் இலவசம் அக்கா. திகதியை அதற்கேற்ற மாதிரிப் போடுங்கள்.

பலெர்மோ அண்ணை:
இலவசம் சரிதான் தம்பி, அந்த வரிசையில் அம்மா நிற்பாவா? கொலோசியத்தை வெளியே சுற்றிப் பார்த்தால் போதும். அந்த ஞாயிறைப் பொம்பெய்க்கு வையுங்கள், காலமையே போய்விட வேண்டும். ரோமில் தண்ணீர்ப் போத்தல் வாங்க வேண்டாம், தெருக் குழாயில் வருவது குடிக்கிற தண்ணீர்தான்.

கோண்டாவில்காரி:
நன்றி அண்ணை. அப்ப இரவு ரயில்தான். ரிக்கற்றை இப்பவே எடுக்கட்டா?

கனடா மாமி:
பொறு பிள்ளை. முதலில் விசா. பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். ஆக மலிவான ரயில் ரிக்கற்றுக்குக் காசு திரும்பி வராது. விசா குத்தின பிறகு வாங்கு.