மறு: ‘டியூட்டி பவுண்ட்’ – கடமைப்பட்டவனா, கடப்பட்டவனா?

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம அகராதிக்கு ‘டியூட்டி பவுண்ட்’ங்கற ஆங்கிலச் சொல்லுக்கு, அதாவது ஒரு பொறுப்பால கட்டுண்டு செஞ்சே ஆகணும்ங்கற நிலைக்கு, தமிழ்ச் சொல்லு தேடுற இந்த இழை ரொம்ப நீண்டு போச்சு, நான் கடைசியா வந்து சேர்றேன், அதனால எல்லா மடலையும் ஒரே மூச்சுல படிச்சுட்டுதான் எழுதுறேன். இதுவரைக்கும் வந்த சொல்லு மூணு: கடமைப்பட்ட, கடமையுணர்வுக்கு உட்பட்ட, தார்மீகக் கட்டாயத்துக்கு ஆளான. மூணாவதை இப்பவே தள்ளிடலாம்ங்க. ஆளானன்னாலே தண்டனைக்கு ஆளான, நோய்க்கு ஆளானன்னுதான் காதுல விழுது, நல்லது செய்ய நினைக்கிறவனுக்கு ஏதோ சீக்கு வந்த மாதிரி இருக்கு. ரெண்டாவது இலக்கணப்படி சரிதான், ஆனா ஒரு மனுஷன் வாயில இருந்து அது வரவே வராது.

> ‘ஐ ஃபீல் டியூட்டி பவுண்ட் டு டெல் யூ’ன்னா ‘உங்களிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்’. இதுல என்ன குறை?

குறைன்னு இல்லீங்க ஐயா. நன்றியுரை சொல்ற எல்லாரும் சொல்ற சொல்லுதான். பிரச்சனையே அங்கதான் இருக்கு. ‘உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்’னா அது நன்றி, நீங்க முன்னாடி எனக்கு ஏதோ செஞ்சிருக்கீங்க. ‘சொல்லக் கடமைப்பட்டிருக்கேன்’னா அது பொறுப்பு, அங்க யாரும் யாருக்கும் எதுவும் செஞ்சிருக்க வேண்டியதில்ல. முன்னாடி நாலாம் வேற்றுமை (‘உங்களுக்கு’) வந்தா ஒரு பொருள், செயவெனெச்சம் (‘சொல்ல’) வந்தா இன்னொண்ணு. ரெண்டும் சேர்ந்து வந்தா? ‘அவருக்கு உதவக் கடமைப்பட்டிருக்கிறேன்.’ பழைய உதவிக்குத் திருப்பிச் செய்றானா, இல்ல சும்மா மனசாட்சிக்காகச் செய்றானா, தெரியாது. பேச்சுல சமாளிச்சுக்கலாம், அகராதில எடுத்துக்காட்டு வாக்கியமா போட்டா படிக்கிற பையன் தலையைப் பிச்சுக்குவான்.

இது இன்னைக்கு வந்த குழப்பம் இல்ல, கடன் கடமை ரெண்டுமே ஒரே வேர்ல வந்ததுங்கறதால கூடவே வர்றது. புறநானூத்துல பொன்முடியார் ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ன்னு பாடும்போது அது பொறுப்பு, பேங்க் லோன் இல்ல. அப்பர் சொன்ன ‘என் கடன் பணிசெய்து கிடப்பதே’யும் அப்படித்தான். பிற்காலச் சோழர் கல்வெட்டுக்குப் போனா கடமைன்னா நிலவரி! கட்டலேன்னா விட மாட்டான். தமிழ் பைபிள்ல பவுல் ஒரு இடத்துல ‘கடனாளியாயிருக்கிறேன்’ங்கறார், ரோமருக்கு எழுதினதுல, கொரிந்தியருக்கு எழுதும்போது ‘அது என்மேல் விழுந்த கடமையாயிருக்கிறது’ன்னு வருது. இந்த ‘என்மேல் விழுந்த’ எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நாம தேடுற அந்த ‘பவுண்ட்’ல இருக்கிற அழுத்தம் அந்த ஒத்தை எச்சத்துல அப்படியே உக்காந்திருக்கு.

சரி, சட்டத்துறை அண்ணன் கேட்டாரே, ‘கட்டாயம், கடமை, டியூட்டி பவுண்ட், இந்த மூணுக்கும் எல்லை எங்க?’ன்னு. அதுக்கு ஒரே ஒரு ரோடு ஆக்சிடென்டை எடுத்துக்கலாம். பைக்காரர் அடிபட்டுக் கிடக்கார். இடிச்ச காரோட டிரைவர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக நியாயமா முடிஞ்சதெல்லாம் செய்யணும், 1988 மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு அப்படிச் சொல்லுது, செய்யலேன்னா 187ல தண்டனை இருக்கு. (கூட்டம் வெறி புடிச்சு அடிக்க வந்தா விதிவிலக்குன்னு அந்தப் பிரிவே சொல்லுது, சட்டம் எழுதினவங்களுக்கு நம்ம ஊரு ரோடு நல்லாத் தெரிஞ்சிருக்கு.) டிரைவருக்கு இருக்கிறது கட்டாயம், அவர் எப்படி ஃபீல் பண்றார்னு யாரும் கேக்கப் போறதில்ல. அடுத்தது டியூட்டி டாக்டர். போலீஸ் ஃபார்மாலிட்டிக்குக் காத்திருக்காம உடனே பாக்கணும்னு அதே 134 சொல்லுது, 1989ல பரமானந்த் கட்டாரா வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் உயிரைக் காப்பாத்துறது எல்லா டாக்டரோட பொறுப்புன்னு தீர்ப்பு சொல்லுச்சு. இவருக்கும் சட்டம் இருக்கு, ஆனா சட்டம் இல்லாட்டியும் அந்த வெள்ளைக்கோட்டுக்காக அவர் செஞ்சாகணும், தொழிலோட வந்தது. இது கடமை. மூணாவது ஆள், அந்தப் பக்கமா பஸ்ஸுக்குப் போயிட்டிருந்தவர். அவரை எந்தச் சட்டமும் நிக்கச் சொல்லல. 2019 திருத்தத்துல வந்த 134அ பிரிவும் அதுக்கான விதிகளும், உதவி செஞ்சா உன்மேல கேஸ் வராது, பேர் சொல்லணும்னு வற்புறுத்தக் கூடாதுன்னு பாதுகாப்பு குடுக்குதே தவிர உதவி செய்யின்னு சொல்லல. ஆனாலும் அவர் நிக்கிறார், ஆட்டோவைக் கை காட்டி நிறுத்துறார், சட்டையெல்லாம் ரத்தம். ‘ஃபீல்’ங்கற சொல்லுக்கு உரிமை உள்ள ஆளு இவர் ஒருத்தர்தான். நாம கலைச்சொல் தேடுறதும் இவருக்குத்தான்.

(சட்டத்துல இருந்தா கட்டாயம்னு கோடு போட்டுட முடியாது. அரசியலமைப்புல 1976ல சேத்த அடிப்படைக் கடமைகளை மீறினா அந்தப் பிரிவே தண்டனைன்னு எதுவும் சொல்லல. அதனால கட்டாயம்ங்கற சொல்லைத் தண்டனை பின்னாடி நிக்கிற இடத்துக்கு மட்டும் வச்சுக்கலாம்.)

இந்த மூணாவது ஆளுக்கு என் பரிந்துரை: கடப்படு. யாரும் பயப்பட வேண்டாம், புதுசா ஒண்ணும் செய்யல. கடப்பாடு நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு, இலங்கைப் பத்திரிகைகள்ல ரொம்ப சாதாரணமாப் புழங்குது, தமிழ்நாட்டுல கொஞ்சம் கம்மி. உடன்படு உடன்பாடு, வெளிப்படு வெளிப்பாடு, கட்டுப்படு கட்டுப்பாடு, எல்லாமே முதனிலை திரிஞ்ச தொழிற்பெயர், அதாவது ‘படு’ நீண்டு ‘பாடு’ன்னு ஆகி வினை பெயராகுது. அப்போ கடப்பாட்டுக்குள்ள கடப்படுங்கற வினை இருக்கத்தான் செய்யுது, நாம பெயரை மட்டும் வச்சுக்கிட்டு வினையைப் புழங்காம விட்டுட்டோம். ‘சொல்லக் கடப்பட்டவன்’, ‘உதவக் கடப்பட்டோம்’. நன்றிக் குழப்பம் இதுல வராது, அதுக்கு வள்ளுவரே சாட்சி. ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு’ன்னு ஒப்புரவறிதல் (ஊருக்கு உதவி வாழறது) அதிகாரத்தை ஆரம்பிக்கிறார். மழைக்கு நாம என்ன திருப்பிக் குடுத்தோம்? குடுக்கல் வாங்கல் இல்லாத பொறுப்புக்குத்தான் கடப்பாடுங்கற சொல்லை அங்க வச்சிருக்கார். பஸ்ஸுக்குப் போயிட்டிருந்தவருக்கு இதைவிடப் பொருத்தமா வேற என்ன வேணும்?

> ‘கடப்பட்டேன்’ காதுக்குக் ‘கஷ்டப்பட்டேன்’னு விழுதே. கடப்பாரை, கடப்பாக்கல்லும் ஞாபகம் வருது.

வருதுதான், சிரிச்சுட்டேன். தன்மை இறந்தகாலத்துல, அதுவும் தனியா வந்தா மோசம், ஒத்துக்கிறேன். அதனால பெயரெச்சமாவும் வினையாலணையும் பெயராவும் மட்டும் வச்சுக்கலாம்: கடப்பட்ட, கடப்பட்டவர். முன்னாடி ஒரு செயவெனெச்சம் வந்துட்டா யாரும் கஷ்டத்தோட குழப்பிக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, இது எழுத்துக்கான சொல்லு. கதை, சப்டைட்டில், வசனம் மொழிபெயர்க்கிறவங்க தயவுசெஞ்சு இதையும் போடாதீங்க, ‘கடமைப்பட்டதாக உணர்கிறேன்’னும் போடாதீங்க. உணர்கிறேன் எதுக்குங்க? தமிழ்ல அந்த உணர்ச்சி வினையிலயே இருக்கு. ‘சொல்லியே ஆகணும்.’ ‘பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியல.’ ‘மனசு கேக்கல.’ பக்கத்து வீட்டுப் பையன் சிகரெட்டோட மாட்டிக்கிட்டா அந்த வீட்டு மாமா என்ன சொல்வார்? ‘தம்பி, கோவிச்சுக்காத, நான் உங்க அப்பாகிட்ட சொல்லாம இருக்க முடியாது.’ அவ்வளவுதான், டியூட்டி பவுண்ட் முழுசும் அதுல வந்துடுச்சு. படர்க்கைன்னா ‘சொல்லியாகணும்னு அவருக்குத் தோணுச்சு’. ஆகணும் பக்கத்துல ஏகாரம் சேத்தா அழுத்தம் கூடும், எடுத்தா குறையும், ஆங்கிலத்துல இதுக்குத் தனித்தனியா வேற வேற சொல்லு தேடணும்.

‘ஆனர் பவுண்ட்’ வேற கதை, அதை இதோட சேக்க வேண்டாம். அங்க குடுத்த வாக்கு இருக்கு, மானம் இருக்கு. ‘வாக்குக்குக் கட்டுப்பட்டவர்’ போதும், ஊர்ல எல்லாருக்கும் புரியும். ‘நோப்லெஸ் ஒப்லீஜ்’ பத்தி யாரோ கேட்டிருந்தீங்க, அது பெரிய இடத்துல பொறந்தவனோட கடப்பாடு, ஒப்புரவுன்னு போடலாம்னு ஆசைதான், ஆனா ஒப்புரவுல பிறப்பு பேச்சே இல்லையே. அதைத் தனி இழைல பேசலாம்.

பதிவுக்கு என் வரைவு: டியூட்டி பவுண்ட், பெயரடை, ‘கடப்பட்ட’, பேச்சு வழக்குல ‘-ஆகணும், -ஆம இருக்க முடியாது’. வாக்கியம் ஒண்ணு: ‘கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் உண்மையைச் சொல்லக் கடப்பட்டவன் நான்.’ இன்னொண்ணு: ‘பாத்துட்டேன்ல, இனி சொல்லியே ஆகணும்.’ ‘கடமைப்பட்ட’ங்கறதை வழக்குச் சொல்லா ரெண்டாவது இடத்துல, நன்றிப் பொருளும் உண்டுங்கற குறிப்போட போடலாம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் ‘கடப்பட்ட’ அங்க எப்படிக் கேக்குதுன்னு ஒரு வரி எழுதுங்க, மத்தவங்க ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, திங்கக்கிழமை பதிவுல ஏத்திடறேன்.