புதுப்பிப்பு: ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் பம்பாயா, கல்கத்தாவா?

பாட்டியிடமிருந்து வந்த 1912, 1918 வெள்ளி ரூபாய்கள் எங்கே அச்சானவை, நிலை எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பின்பக்கம் கீழேயுள்ள தாமரைக்கு அடியில் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. லென்ஸில் பார்த்தால் 1918 காசில் சின்னப் புடைப்புப் புள்ளி இருக்கிறது; அது பம்பாய் நாணயச் சாலையின் அடையாளம். 1912இல் எதுவும் இல்லை, ஆகவே கல்கத்தா. (ரொம்பத் தேய்ந்த காசென்றால் புள்ளியே மழுங்கியிருக்கலாம், கவனம்.)

1918 கறுத்திருந்தாலும் கிரீடமும் அங்கியிலுள்ள யானையும் தெளிவு. எடையும் சரியாக 11.66 கிராம். எதிர்பாராதது, பளபளக்கும் 1912தான். சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கீறல்கள், விளிம்பில் பற்றவைத்த தடம். யாரோ வளையம் வைத்துக் கழுத்தில் போட்டு, அப்புறம் மெருகேற்றியிருக்கிறார்கள். அதனால் அதற்குச் சேகரிப்பாளர் விலை கிடைக்காது, காசிலுள்ள 91.7% வெள்ளிக்கான விலைதான். 1918ஐத் தேய்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.