"தெரியாதவங்க இல்லம்மா, அது அண்ணா"

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். திருப்பூரிலிருந்து கொழுந்தனார் என் மாமியாரின் போனுக்குக் கூப்பிட்டு, "அண்ணி, 5000 அனுப்பிட்டேன், வந்துருச்சா?" என்றார். நான் பணமே கேட்கவில்லை. என் போனை எடுத்துப் பார்த்தால் வாட்ஸ்அப் புதிதாக நம்பர் கேட்டு நிற்கிறது.

பையன் மாடிப்படிக்குக் கீழே முழங்கால் புண்ணின் பொருக்கைப் பிய்த்தபடி உட்கார்ந்திருந்தான். எட்டு வயது. ஆன்லைன் விளையாட்டில் கூட விளையாடுபவன் 500 டைமண்ட் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு) சும்மா தருவதாகச் சொல்லியிருக்கிறான். அம்மா போனுக்கு ஆறு எண் வரும், படி என்றதும் இவனும் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டான். என் நம்பரை முன்பே கொடுத்தாயிற்று. திருவிழாவில் தொலைந்தால் சொல்லணும் என்று நான்தான் மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன்!

"தெரியாதவங்ககிட்ட பேசாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"தெரியாதவங்க இல்லம்மா, அது அண்ணா. நாலு நாளா ஒண்ணா விளையாடுறோம்."

அந்த ஆறு எண்ணை வைத்து என் வாட்ஸ்அப்பைப் பிடித்து, என் பேரில் பணம் கேட்டிருக்கிறான் அந்த "அண்ணா". அதே நம்பரில் நான் திரும்பப் பதிந்ததும் அவன் வெளியே தள்ளப்பட்டான். நல்லவேளை, வாட்ஸ்அப்பின் இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான ரகசிய எண் (PIN) எதுவும் அவன் போட்டு வைக்கவில்லை. போட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அன்று இரவே நான் போட்டுவிட்டேன். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கும் கூப்பிட்டுப் புகார் கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை.

இப்போது "தெரியாதவங்க" பேச்சே எங்கள் வீட்டில் இல்லை. நம்பர், போட்டோ, போனுக்கு வரும் எண், "அம்மாகிட்ட சொல்லாதே". இந்த நாலில் எது வந்தாலும், கேட்பது அண்ணாவோ மாமாவோ, போனைக் கவிழ்த்துவிட்டு ஓடி வரணும்.

நாலாம் வகுப்பு டீச்சர்:
போனில் யாராவது எதையாவது மறைக்கச் சொன்னார்களா என்று வகுப்பில் கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. பேர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதச் சொன்னதும் மூன்று சீட்டு வந்தது. ஒன்றில், "சொன்னா போனைப் புடுங்கிருவாங்க மிஸ்". அதிலிருந்து பெற்றோர் கூட்டத்தில் நான் கெஞ்சிக் கேட்பது, சொன்ன அன்றைக்கு மட்டும் போனைப் பிடுங்காதீர்கள் என்றுதான். போட்டோ கேட்டு மிரட்டுகிற அளவுக்குப் போனால் அந்தப் பேச்சை அழிக்க வேண்டாம், அதுதான் ஆதாரம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு எந்நேரமும் கூப்பிடலாம்.

பேத்தியோடு இருக்கும் தாத்தா:
யூடியூப் கிட்ஸில் தேடலை அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆறு வயசு, இன்னும் எழுத்துக்கூட்டவே வராது. டிவி ரிமோட்டில் மைக்கை அமுக்கி "பேய் வீடியோ" என்று கேட்டு வாங்கிவிட்டாள்!

முதலில் எழுதியவள்:
தாத்தா, இதையும் கேளுங்கள். நேற்று நான் குளித்துக்கொண்டிருந்தபோது சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர், "தம்பி, அம்மா போனுக்கு வந்த நம்பரைச் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். இவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக் கதவை இடிக்கிறான். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்வரை அவரும் சிலிண்டரும் வாசலிலேயே.