3 வருட சந்தனம், துவரை காய்ந்தபின் மஞ்சளாகிறது: அடுத்த துணைச்செடி எது?

பாலக்கோடு பக்கம், செம்மண், 3 அடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மண் பரிசோதனையில் பி.எச். 8.2. ஒரு ஏக்கரில் 12க்கு 12 அடி இடைவெளியில் 300 சந்தனம், 2022 ஐப்பசி நடவு, சொட்டுநீர்.

சந்தனம் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிச் சத்து உறிஞ்சும் மரம், அதற்காகத்தான் துணைச்செடி. கன்றோடு தொட்டியில் துணையாக வந்த பொன்னாங்கண்ணி முதல் கோடையிலேயே போய்விட்டது. 2 அடி தள்ளி விதைத்த துவரை 2025 மாசியில் காய்ந்தது. நாலு சந்தனத்துக்கு நடுவே ஒரு சவுக்கு உண்டு, ஆனால் அதை வைத்ததே 2024 ஐப்பசியில். மரத்திலிருந்து எட்டரை அடி தூரம் வேறு. தாமதம்தான், தெரிகிறது.

வைகாசி முதல் நாற்பது மரங்களில் கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பத்துப் பதினைந்தில் நுனி காய்கிறது. இலை சிறுக்கவில்லை, கொத்தாகக் கூம்பவும் இல்லை. அதனால் ஸ்பைக் நோய் என்று தோன்றவில்லை.

இரும்புச் சத்துக்காக லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), எலுமிச்சைச் சாறு கலந்து இருமுறை தெளித்தாயிற்று. இருபது நாள் பச்சை, பிறகு பழைய கதை. தண்ணீரைப் பாதியாகக் குறைத்தும் மாற்றமில்லை. மூன்று மரத்தடியில் தோண்டினால் வேரழுகல் இல்லை. துவரை வேரைப் பற்றிய சந்தனத்தின் உறிஞ்சு வேர்கள் மட்டும் காய்ந்து கிடக்கின்றன. சவுக்கு வேர் இன்னும் எட்டவில்லை. மறுபடி துவரை போட்டால் இரண்டு வருடத்தில் இதே நிலைதான்.

இந்தச் சுண்ணாம்பு மண்ணில், இந்த வயது சந்தனத்துக்கு அகத்தி, புங்கன் இரண்டில் எதை, எத்தனை அடி தள்ளி வைக்கலாம்?